குழாயில் வந்த பதில்

புரெலோமில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "உங்க வீட்டு ரேடியேட்டர் சுடுதா?" என்றுதான் கேட்பார்கள். அறையைச் சூடாக்கும் அந்த வெந்நீர்க் குழாய்ப் பெட்டி சுடுகிறது என்றால் அந்த வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். புருஷன் குடிக்கிறானா, கடைக்கு முட்டை வந்ததா என்பதையெல்லாம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம், அவசரமில்லை.

ரிம்மாவின் வீட்டு ரேடியேட்டர் சுட்டது. சுடாவிட்டால் அவள் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். ஊருக்கே வெந்நீர் அனுப்பும் கொதிகலன் கூடத்தில் அவள்தான் ஷிப்ட் பொறுப்பு. அவள் குடியிருக்கும் ஆறாம் நம்பர் கட்டடத்தில் காலியான வீடுகளின் சாவிகளும் அவளிடம்தான். பெரிய இரும்பு வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருப்பாள். நடந்தால் மாட்டுக் கழுத்து மணி மாதிரி சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வருடா வருடம் கூடிக்கொண்டே போனது, ஏனென்றால் சனங்கள் வருடா வருடம் போய்க்கொண்டே இருந்தார்கள்.

சுரங்கம் வெடித்து மூடிய பிறகு புரெலோமில் இருந்து என்ன செய்வது? நிலக்கரிக்காகக் கைதிகளை வைத்துக் கட்டிய ஊர் அது. கரி வேண்டாம் என்று ஆனதும் ஊரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. மாவட்ட அலுவலகம் ஒரு வழி வைத்திருந்தது. ஒரு கட்டடத்தில் இருக்கிற எல்லாரும் போகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் கட்டடத்தை மூடிவிட்டு, ஆளுக்கொரு வீட்டுப் பத்திரம் கொடுப்பார்கள். பெருநிலத்தில் எந்த ஊரிலும் அதைக் கொடுத்து வீடு வாங்கிக்கொள்ளலாம். பெருநிலம் என்றால் தீவுக்கு அந்தப் பக்கம் இருப்பது என்று நினைத்துவிட வேண்டாம். புரெலோமும் அதே நிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் மூன்று நாள் லாரியில் போய் அப்புறம் விமானம் ஏற வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் ஊர் தீவாகத்தான் தெரியும்.

ஐந்தாம் நம்பர் கட்டடம் போன வருடமே போய்விட்டது. போகிற அவசரத்தில் ஒரு பியானோவை முற்றத்தில் விட்டுவிட்டுப் போனார்கள், அது இன்னும் பனிக்கு அடியில் கிடக்கிறது. ஆறாம் நம்பரில் ஐந்து குடும்பங்கள் கையெழுத்துப் போட்டு இரண்டு வருடம் ஆயிற்று. ஒரே ஒருவர் போடவில்லை. கொந்த்ராத் லூக்கிச்.

வாசலுக்கு வாசல் தனிப் படிக்கட்டு; ஐந்து குடும்பங்களும் முதல் வாசலில் ஒன்றாக ஒண்டியிருந்தன. கிழவர் மட்டும் மூன்றாம் வாசலில், நான்காம் மாடியில், மூலை வீட்டில், ஒற்றை அறையில். மேலே, கீழே, பக்கத்தில் எல்லாம் காலி. அவர் ஒருவருக்காக அந்த வாசல் முழுவதற்கும் வெந்நீர் ஓட வேண்டியிருந்தது. அவர் அறையில் ஒரே ரேடியேட்டர். அதற்கு வரும் குழாய் அடித்தளத்தில் கிளம்பி, மாடி மாடியாக ஐந்தாம் மாடி வரை செங்குத்தாக ஏறித் திரும்பி வரும்; எந்த மாடியில் அடைத்தாலும் மொத்தமும் ஆறிவிடும்.

வாரத்தில் ஒரு நாள் ரிம்மா தபாலாபீசில் நின்று பெருநிலத்தில் இருக்கும் வோலக்தாவுக்குப் போன் பேசுவாள். மகள் உல்யானாவைப் படிப்புக்காக அங்கே புருஷன் தீஹனின் அக்காள் வீட்டில் விட்டிருந்தார்கள். புரெலோமில் பள்ளிக்கூடம் மூடியாயிற்று.

"அம்மா, அத்தை சொல்லிட்டாங்க. கோடைக்கு அப்புறம் எனக்கு எடம் இல்லையாம். அவங்க பையன் பட்டாளத்துலேருந்து வர்றானாம்" என்றாள் உல்யானா. குரல் தாழ்ந்திருந்தது. அத்தை பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

"இப்ப எங்கடி படுக்கிற?"

"சமையக்கட்டுலதான். எல்லாரும் சாப்ட்டு எந்திரிச்சப்புறம் கட்டிலைப் போடுவேன். நீங்க எப்பம்மா வர்றீங்க?"

"வந்துடுவோம் கண்ணு. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

அன்றைக்கே ரிம்மா ஒரு தட்டு நிறைய பெல்மெனி என்கிற கறிக் கொழுக்கட்டைகளை அவித்து, மேலே வெண்ணெய் போட்டு, துணியால் மூடி எடுத்துக்கொண்டு மூன்றாம் வாசலுக்குப் போனாள்.

கிழவர் கதவைத் திறந்து தட்டைப் பார்த்தார், பிறகுதான் அவளைப் பார்த்தார். "வா, வா. எத்தனை பெல்மெனிக்கு எத்தனை கையெழுத்து? முதல்லயே சொல்லிட்டா எண்ணிச் சாப்பிடுவேன்."

"சூடு ஆறதுக்குள்ள சாப்பிடுங்க லூக்கிச். அப்புறம் பேசலாம்."

"பாத்தியா, பேசத்தான் வந்திருக்க." உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். பல் இல்லாத வாயால் பெல்மெனியை நசுக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "மாவு தடிமன். மார்ஃபா பண்ணா இதைவிட மெலிசா இருக்கும்."

மார்ஃபா அவர் மனைவி. செத்து ஒன்பது வருடமாகிறது. ரிம்மா வாய்வரைக்கும் வந்த பதிலை விழுங்கிக்கொண்டாள். "உங்களுக்கும் அங்க ஒரு வீடு குடுப்பாங்க. வெயில் வரும். கீழ எறங்கினா தோட்டம் இருக்கும். ஆப்பிள் மரமெல்லாம் இருக்கும்."

"ஆப்பிளா? எனக்கு எங்க இருக்கு பல்லு? ஆப்பிளை மடியில வச்சுத் தாலாட்டவா?"

"கிண்டல் வேணாம் லூக்கிச். ஏன் மாட்டேங்கிறீங்க, அதையாவது சொல்லுங்க."

கிழவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "இருபது வயசுல என்னைக் கப்பலோட அடிவயித்துல போட்டுக் கொண்டாந்தாங்க. வர்றியாடான்னு ஒருத்தன் கேக்கல. அதுக்கப்புறம் இங்க தோண்டு, அங்க தோண்டு, எந்திரி, படு. எதையும் யாரும் கேக்கல. இப்ப எனக்கு எழுபத்தெட்டு. கோட்டு சூட்டு போட்டவன் ஒருத்தன் வந்து, கொந்த்ராத் லூக்கிச், தயவு செஞ்சு போறீங்களான்னு கேக்கறான். வாழ்க்கையில மொதோ தடவையா என்னைக் கேக்கறாங்க ரிம்மா! மாட்டேன்னு சொல்றதுல என்ன சொகம் தெரியுமா உனக்கு?"

"உங்க சொகத்துக்கு அஞ்சு குடும்பம் சாகணுமா?"

"நான் செத்ததும் போங்க. செப்டம்பர்ல வெட்டி வச்சிருக்காங்கல்ல மூணு குழி? மரத்தோரமா இருக்கே, அது என்னுது. படுத்தே பாத்துட்டேன். நீளம் சரியா இருக்கு."

புரெலோமில் குளிர்காலத்தில் மண்வெட்டி இறங்காது, தரை இரும்பாகிவிடும். அதனால் செப்டம்பரிலேயே உத்தேசமாக மூன்று குழி வெட்டி வைத்துவிடுவார்கள். யாருக்கு என்பது பிறகு தெரியவரும். அதை வைத்து எல்லாரும் கிண்டல் பேசுவதுதான். ஆனால் ரிம்மாவுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"எம்பொண்ணு அங்க சமையக்கட்டுல படுத்திருக்கா, லூக்கிச். கோடைக்கு அப்புறம் அதுவும் இல்ல."

"படுக்கட்டுமே. நான் அவ வயசுல படுத்த எடத்தைப் பாத்தா, அவ சமையக்கட்டை அரண்மனைம்பா." அவர் மறுபடி முள்கரண்டியை எடுத்துக்கொண்டார். "வெண்ணெய் நல்லா இருக்கு. நாளைக்கும் கொண்டா."

ரிம்மா எழுந்துவிட்டாள். தட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கிழவரைப் பரிதாபத்துக்குரிய நல்ல மனிதர் என்று யாராவது நினைத்தால் அது தவறு. அவர் கெட்ட வாய்க்காரர், தன் பிடிவாதத்தை மிட்டாய் மாதிரி சப்பிச் சப்பி ருசித்தவர். ஆனால் கெட்ட வாய்க்காகக் கொல்லலாம் என்றால் புரெலோமில் யார் மிஞ்சுவார்கள்?

அன்று சாயங்காலம் முதல் வாசலில் ஆர்கிப் வீட்டுச் சமையலறையில் டோமினோ ஆடினார்கள். ஆர்கிப் லாரி ஓட்டுபவன், தடித்த கழுத்து. அவன் மனைவி ஃபைனா கடையில் வேலை செய்தாள். ரிம்மாவின் புருஷன் தீஹன் அன்றைக்குக் குடிக்கவில்லை, அதனால் அவனுக்குப் பேச்சும் வரவில்லை.

"இன்னிக்கு பெல்மெனி தின்னாராமே" என்றாள் ஃபைனா. "எங்கிட்ட போன வாரம் கட்டிப் பால் ரெண்டு டப்பா வாங்கினாரு. பல்லை இளிச்சுக்கிட்டே."

"அவருக்கு என்ன கொறை? கதகதன்னு இருக்காரு" என்றான் ஆர்கிப். "அந்த ரேடியேட்டர் மட்டும் ஒரு நாள் நின்னுதுன்னு வை, வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடி வருவாரு. வந்து நம்ம வீட்டுல ஒக்காந்தா, அப்புறம் நாம சொல்ற எடத்துல கையெழுத்துப் போடுவாரு."

"எப்படி நிக்கும்? வால்வை மூடினா ரிம்மா பதில் சொல்லணும்" என்றாள் ஃபைனா.

"வால்வை யாரு மூடச் சொன்னா? அவருக்கு மேல அஞ்சாவது மாடி காலி. அங்க ஒரு ஜன்னல் தானா தொறந்துக்கிட்டா? காத்துதான? காத்தைப் புடிச்சு ஜெயில்ல போடுவாங்களா?"

ஆர்கிப் ஒரு காயை மேசையில் ஓங்கி அடித்தான். எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது, ரிம்மாவின் இடுப்பில் தொங்கிய சாவி வளையத்துக்கு. தீஹன் மட்டும் தன் காய்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆடி முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ரிம்மா ஐந்தாம் மாடிக்குப் போனாள். பள்ளிக்கூட டீச்சர் இருந்த வீடு அது. போகும்போதுகூட அந்த அம்மாள் ஜன்னல் இடுக்குகளில் சோப்பு தடவிய காகிதப் பட்டிகளை ஒழுங்காக ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். குளிர்காலத்துக்கு முன் ஒட்டுவது கைப்பழக்கம், வீடு யாருடையதாக இருந்தால் என்ன. பெரிய கண்ணாடிக்கு மேலே குட்டிக் கதவு மாதிரி ஒரு சின்னச் சன்னல். ரிம்மா சமையலறைக் கத்தியால் அதைச் சுற்றியிருந்த பட்டியைக் கீறினாள். கொக்கியை இழுத்ததும் குளிர் வெள்ளைப் புகையாக உள்ளே கொட்டியது. மூடிக்கொள்ளாமல் இருக்க ஓர் அட்டையை மடித்துச் செருகினாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி. அதற்கும் கொஞ்சம் கீழே.

கிளம்பும்போது ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. அவள் அனுப்பிய சூடுதான். புரெலோமில் பிறந்த குழந்தை நடக்கத் தொடங்கியதும் முதலில் கற்றுக்கொள்வது கதவைச் சாத்து, ஜன்னலைச் சாத்து என்பதுதான். சாத்தாத பிள்ளையை அடுத்த வீட்டுக்காரிகூட அறையலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். உல்யானாவை அதற்காக அவளே எத்தனை தடவை அறைந்திருக்கிறாள்.

அடுத்த நாள் மத்தியானம், குளிர்காலத்தில் அங்கே அப்போதே இருட்டத் தொடங்கிவிடும். கொதிகலன் கூடத்தில் கரி தள்ளும் மகார் கத்தினான்.

"ரிம்மா! முள்ளைப் பாரு! அழுத்தம் எறங்குது!"

அளவுமானியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டுகிறது. எங்கே என்று ரிம்மாவுக்குத் தெரியும். அவள் நினைத்தது வேறு. குழாய் உறையும், ரேடியேட்டர் ஆறும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். உறைந்த இரும்பு வெடிக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். அதை நினைக்காமல் இருந்தாள், அவ்வளவே.

"ஆறாம் நம்பர்தான். நான் போய் மூடறேன்" என்று குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அடித்தளத்தில் இறங்கும்போதே காதில் விழுந்தது. டங், டங், டங்.

இதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டடங்களில் குழாய்தான் டெலிபோன். ஒரு கரண்டியால் ரேடியேட்டரில் மூன்று தட்டு தட்டினால் வாருங்கள் என்று பொருள். கேட்டவர்களில் ஒருவர் இரண்டு தட்டு தட்டுவார், வருகிறேன் என்று. அந்த இரண்டு தட்டு கேட்டுவிட்டால் மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். ஒருவர் போனால் போதும், எல்லாரும் ஓட அது என்ன கல்யாணமா? உல்யானா வயிற்றில் இருந்தபோது, தீஹன் சுரங்கத்தில், வெளியே பனிப்புயல். ரிம்மா மூன்று தட்டினாள். இரண்டு தட்டி வந்தவள் மார்ஃபா, கிழவரின் மனைவி. வந்தவள் கையை மட்டும் கழுவிக்கொண்டு பிள்ளையை எடுத்தாள்.

மூன்றாம் வாசலின் குழாய்க்கு முன்னால் ரிம்மா நின்றாள். வால்வைப் பிடித்ததும் அந்தத் தட்டல் உள்ளங்கையிலேயே வந்து அடித்தது. டங், டங், டங். நிறுத்தி, மறுபடியும். தண்ணீர் ஓடுவதை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் ஊரே உறைந்துவிடும். ரிம்மா வால்வைச் சுற்றினாள். துருப்பிடித்த சக்கரம் முனகிக்கொண்டே மூடியது. இனி அந்த அறைக்குச் சூடு கிடையாது. காற்றின் மேல் பழி போட முடியாத காரியம் இது. ஆனால் இது அவள் கடமை, யாரும் குற்றம் சொல்ல முடியாது.

டங், டங், டங்.

அவள் கையில் குறடு இருந்தது. குழாயில் இரண்டு முறை தட்டினாள்.

ஏன் தட்டினாள் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுக்கொண்டாள். கருணையா? இல்லை. மூன்று கேட்டால் இரண்டு தட்டும் கை அது, வேறொன்றும் இல்லை. தட்டியதும் மேலே சத்தம் நின்றது. கிழவர் நம்பிவிட்டார்.

வெளியே வந்து மூன்றாம் வாசலை எட்டிப் பார்த்தாள். மேலேயிருந்து தண்ணீர் படிப்படியாக வழிந்து, வழியிலேயே உறைந்து, படிக்கட்டு முழுக்கக் கண்ணாடிச் சறுக்காகியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறலாம். ஏறி, கதவைத் தட்டி, கூட்டிக்கொண்டு வரலாம். வந்தால் எங்கே வைப்பது? தன் வீட்டில்தான். தட்டியவள் அவள்தானே. சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை பெல்மெனிக்கு எத்தனை கையெழுத்து என்று பல்லை இளிப்பார். ஒரு மணி நேரத்தில் உடம்பு சூடாகிவிடும், வாயும் சூடாகிவிடும், அப்புறம் வசந்தம் வரைக்கும் மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு அங்கேயே இருப்பார். இன்னும் கொஞ்சம் குளிரட்டும். கால் இருக்கிறது, தானாக இறங்கி வரட்டும். வருகிறவர் கெஞ்சிக்கொண்டு வரட்டும்.

தெருவில் மகார் நின்று கத்தினான், கொதிகலனில் தண்ணீர் ஏற்ற ஆள் வேண்டும் என்று. ரிம்மா நடந்தாள். முதல் வாசலைத் தாண்டும்போது ஃபைனா தன் வீட்டுச் சின்னச் சன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"தட்டினது கெழவரா? ரெண்டு தட்டு பதில் வந்துதே, யாருடி போனது?"

"யாரோ போயிருக்காங்க" என்றாள் ரிம்மா. "ஜன்னலைச் சாத்து, குளிருது."

ஃபைனா சாத்தினாள். ரிம்மா விடியும் வரை கொதிகலனோடு போராடினாள். ஊரில் ஒரு குழாயும் உறையவில்லை. மகார் அவளைப் பார்த்து, நீ மட்டும் இல்லாட்டி இன்னிக்கு எல்லாரும் காலி என்றான். அதைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காலையில் வீட்டுக்கு வந்தபோது தீஹன் டீ போட்டுக்கொண்டிருந்தான். கிழவர் இல்லை.

"கெழவர் யாரு வீட்டுல?" என்று கேட்டான்.

ரிம்மா கோட்டைக் கழற்றாமலே ஆர்கிப் வீட்டுக்குப் போனாள். "உங்க வீட்டுலன்னு இல்ல நெனச்சோம்?" என்றான் ஆர்கிப். அவர்கள் அடுத்த கதவைத் தட்டினார்கள், அதற்கடுத்த கதவையும் தட்டினார்கள். பதில் தட்டல் கேட்டதால் எல்லா வீட்டிலும் நிம்மதியாகத் தூங்கியிருந்தார்கள். யாரோ போயாயிற்று என்று ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொண்டது. கடைசிக் கதவையும் தட்டிய பிறகு ஆர்கிப் போய்க் கோடாலியும் கடப்பாரையும் எடுத்து வந்தான்.

படியைக் கொத்திக் கொத்தித்தான் ஏற முடிந்தது. நான்காம் மாடியில், மேலேயிருந்து வழிந்த தண்ணீர் கிழவரின் கதவில் மோதி, வாசற்படியோடு சேர்த்து உறைந்திருந்தது. கதவு வெளிப்பக்கம் திறப்பது. முழங்கால் உயரத்துக்குப் பனிக்கட்டி அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பத்துப் பேர் தள்ளினாலும் திறந்திருக்காது. கதவின் உள்பக்கத்தில், கைப்பிடியைச் சுற்றி, உதைத்த தடமும் சுரண்டிய தடமும் இருந்தன.

கொந்த்ராத் லூக்கிச் கதவுக்கு நேரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கோட்டு போட்டு, தொப்பி போட்டு, கம்பளி பூட்ஸ் மாட்டி, காலடியில் ஒரு பையை வைத்திருந்தார். கிளம்பத் தயாராக இருந்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு முக்காலியில் ஒரு வோட்கா புட்டியும் இரண்டு கண்ணாடிக் குவளைகளும். ஒன்று அவருக்கு. மற்றது வருகிறேன் என்று தட்டியவருக்கு. இரண்டிலும் ஊற்றி வைத்திருந்தார். ரிம்மாவின் பெல்மெனித் தட்டு கழுவித் துடைத்துப் பையின் மேல் இருந்தது.

ஃபைனா வாயைப் பொத்திக்கொண்டாள். "யாரு தட்டினது?" என்று ஆர்கிப் திரும்பிக் கேட்டான். "நேத்து ரெண்டு தட்டினது யாரு?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரிம்மாவும் எல்லாரையும் பார்த்தாள்.

உட்கார்ந்தபடியே விறைத்த உடம்பை எப்படிப் புதைப்பது? ஆர்கிப்பின் லாரிக் கொட்டகையில் அடுப்புப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்து, இளகிய பிறகு நீட்டினார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு மணி நேரம் கொடுக்காத சூட்டை இரண்டு நாள் கொடுத்தார்கள். மரத்தோரக் குழியில் இறக்கினார்கள். நீளம் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்குத் தீஹன் விழுந்து புரளும் அளவுக்குக் குடித்தான், ரிம்மா அவனைத் தடுக்கவில்லை. அவள் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இனி கையெழுத்து பாக்கி இல்லை.

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நகத்தில் சாயம், மெல்லிய குரல். ஆறாம் நம்பரைச் சுற்றிப் பார்த்தாள், வெடித்த குழாயைப் பார்த்தாள், சறுக்கு மரமாகிவிட்ட படியைப் பார்த்தாள். பிறகு ஆர்கிப் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே சொன்னாள்.

"இது இப்ப விபத்துல கெட்ட கட்டடம். சம்மதத்தோட மூடற கட்டடம்னாத்தான் பத்திரம். விபத்துன்னா வேற சட்டம். அதே ஊர்ல அதே அளவு வீடு குடுத்துடுவோம். ரெண்டாம் நம்பர்ல நெறைய காலியா இருக்கு. மூணு வருஷம் கழிச்சு மறுபடி மனு போடுங்க."

"மூணு வருஷமா?" என்றாள் ரிம்மா. "நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சே. போடாத ஒருத்தரும் செத்துட்டாரே."

"ஆமா. பாவம்." அந்தப் பெண் விரலில் ஒட்டிய துகளைத் தட்டிவிட்டாள். "அவரு சும்மா வயசாகிச் செத்திருந்தா, கட்டடம் நல்லா இருந்திருக்கும். நீங்க மார்ச்லயே கெளம்பியிருக்கலாம். இந்தக் குழாய் போய் வெடிச்சுத் தொலைச்சுதே, என்ன பண்றது. காத்துதான் ஜன்னலைத் தொறந்திருக்கணும்."

ஆர்கிப் எழுந்து வெளியே போய்விட்டான். ரிம்மாவுக்கு அந்த மெல்லிய குரலைப் பிடித்துக் குரல்வளையோடு நெரிக்க வேண்டும் போலிருந்தது. நெரித்து என்ன பயன்? அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அப்படித்தான் ஐந்து குடும்பங்களும் சட்டி பானையோடு தெருவைத் தாண்டி இரண்டாம் நம்பருக்குப் போயின. அங்கே இருந்தவர்கள் அவர்களை வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் பெட்டி தூக்க வரவில்லை. அக்லாயா என்ற முன்னாள் நர்ஸ்தான் அந்தக் கட்டடத்தின் வாய். அங்கே காலி வீடுகளின் சாவியும் அவளிடம்.

"வாங்க, வாங்க. எங்க தலைமேல ஒக்காரத்தான் வந்தீங்களா?" என்றாள். "நாங்க கோடையில கெளம்பறதா இருந்துச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, மூட்டைகூடக் கட்டியாச்சு. இப்ப விபத்துக்காரங்க உள்ள இருக்கிற வரைக்கும் கட்டடத்தை மூட மாட்டாங்களாம். மூணு வருஷமாம்."

"நாங்க என்ன பண்றது அக்லாயா? எங்க வீடு போச்சு" என்றாள் ரிம்மா.

"போச்சா, போக்கினீங்களா?" என்று அக்லாயா காலடியில் துப்பிவிட்டு உள்ளே போனாள்.

கோடை வந்தது, கொசு வந்தது, போயிற்று. உல்யானா அத்தை வீட்டை விட்டு வெளியேறி, ரயில் நிலையக் கேண்டீன் ஒன்றில் பாத்திரம் கழுவப் போனாள். படிப்பு நின்றது. அம்மா, இனிமே எப்ப வர்றீங்கன்னு கேக்க மாட்டேன், போன் காசுக்குக் கேடு என்று சொன்னாள். அதற்குப் பிறகு ரிம்மா பேசினால்தான் பேச்சு. செப்டம்பரில் மூன்று குழி வெட்டினார்கள். தீஹனும் மண்வெட்டியோடு போனான்.

டிசம்பரில் ஒரு மத்தியானம். ரிம்மாவுக்கு அன்று ஷிப்ட் இல்லை. துணி காயப்போட ரேடியேட்டரைத் தொட்டவள் கையை எடுக்காமல் நின்றாள். சூடு இல்லை. இளம் சூடுகூட இல்லை, முன்பு சுட்டதை உள்ளங்கை நினைத்துக்கொள்வது மாதிரிதான் இருந்தது. கொதிகலனில் கோளாறு என்றால் மகார் ஆள் அனுப்பியிருப்பான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்த் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

தன் வீட்டுக்கு நேர் மேலே, காலி வீட்டில், சின்னச் சன்னல் திறந்திருந்தது. இடுக்கில் ஓர் அட்டை மடித்துச் செருகியிருந்தது. அக்கம்பக்கத்துச் சன்னல்களில் விளக்கு எரிந்தது. ஒரு திரை அசைந்து மூடிக்கொண்டது.

மாடியேறிப் பார்த்தாள். அந்த வீடு பூட்டியிருந்தது. கதவுக்கு அடியிலிருந்து குளிர் வந்து பூட்ஸ் மேல் விழுந்தது, வாசற்படியில் வெள்ளையாகப் பனிப்பூ பூத்திருந்தது. இடுப்பில் கை தானாகப் போனது. அங்கே இப்போது வளையம் இல்லை, ஆறாம் நம்பரை மூடியபோதே கொடுத்தாயிற்று. அக்லாயாவின் கதவைத் தட்டினாள். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது, தட்டியதும் நின்றது. யாரும் திறக்கவில்லை.

திரும்பி வந்தபோது தீஹன் ரேடியேட்டர் பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டு கரண்டியை எடுத்திருந்தான்.

"செத்துப்போச்சு ரிம்மா. மேல எங்கயோ அடைச்சிருக்கு."

தீஹன் மூன்று தட்டு தட்டினான். காத்திருந்தான். மறுபடி மூன்று.

கீழே எங்கிருந்தோ குழாய் வழியாகப் பதில் வந்தது. டங், டங். தெளிவாக, நிதானமாக இரண்டு தட்டு.

"ஆங், வர்றாங்க" என்று தீஹன் கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். "டீ போடு. வர்றவங்களுக்கும் சேத்துப் போடு."

ரிம்மா டீ போடவில்லை. ஆணியில் தொங்கிய அவன் கோட்டை எடுத்து மடியில் எறிந்தாள். தன் கம்பளிச் சால்வையைத் தலையில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பிறகு போய் வெளிக்கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறந்தது. மேலே எங்கோ இரும்பு நெரியும் சத்தம் மெதுவாகக் கேட்டது. திறந்த கதவை ஒரு முக்காலியை நகர்த்தி அண்டக் கொடுத்து வைத்தாள்.

"என்னடி பண்ற? குளிர் உள்ள வருது, கதவைச் சாத்து!"

"எந்திரி. கோட்டைப் போடு. யாரும் வர மாட்டாங்க."

"பதில் வந்துச்சே! காதுல விழல?"

"விழுந்துச்சு" என்றாள் ரிம்மா. "அதனாலதான் சொல்றேன். கதவு உறையறதுக்குள்ள எந்திரி."